வைன் திராட்சைத் தோட்டத்துக்கான சாத்தியவள அறிக்கை: கொழும்பில் வாங்கிய ஒரு சேவையின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் சும்மா கிடக்கும் காணியில் வைன் திராட்சை நட்டால் இலாபம் வருமா என்ற கேள்வியைக் கனடாவிலும் பிரான்சிலும் வாழும் உறவினர்கள் கொழும்பில் இருக்கும் எங்களைப் போன்ற கணக்காளர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். இதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதில் எழுதித் தரும் ஆலோசனை நிறுவனங்களும் நகரில் இருக்கின்றன. கொள்ளுப்பிட்டியில் உள்ள அத்தகைய ஒரு நிறுவனத்திடம், எங்கள் குடும்பத்தின் வலிகாமத்துக் காணிக்காக முழுச் சாத்தியவள அறிக்கை ஒன்றைத் தயாரிப்பித்தோம். பணம் கட்டியவர் பாரிசில் இருக்கும் அத்தான். வரிக்கு வரி சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனெனில் நான் குறை காணும் கணக்கு முறையை வேறு இடங்களில் தயாரான அறிக்கைகளிலும் பார்த்திருக்கிறேன்.

சேவையின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடலாம், ஏனெனில் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவர்கள் கொழும்பில் இருந்தபடியே எழுதிவிடாமல் காணிக்குப் போய் மண்ணும் கிணற்று நீரும் எடுத்துச் சோதித்திருந்தார்கள். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே முக்கிய நன்னீர் என்பதையும், கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்ப்பாகும் என்பதையும் தெளிவாக எழுதி, அதன்படி சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் உவர்ப்பைத் தாங்கும் வேர்க்கன்றில் ஒட்டிய கொடிகளுக்கும் செலவு போட்டிருந்தார்கள். மகாராட்டிரத்தில் இதே காரணத்துக்காக டொக்ரிஜ் என்ற வேர்க்கன்று பரவலாகப் பயன்படுகிறது. வைன் இனக் கன்றுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறவேண்டும் என்பதையும், தனிமைப்படுத்தல் சோதனைக்கு எடுக்கும் காலத்தையும் அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். இதை மறந்துவிட்டுத் திட்டம் போட்டவர்களை நான் அறிவேன்.

வெப்பவலயத்தில் கொடி உறங்குவதில்லை என்ற அடிப்படையையும் அறிக்கை சரியாகப் பிடித்திருந்தது. பிரான்சில் குளிர்காலம் செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்யவேண்டும். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்தும் செப்டெம்பர், ஒக்டோபரில் இன்னொரு கவாத்தும் செய்து, மொட்டுகள் ஒரே சீராக விழிக்க ஐதரசன் சயனமைட்டு பூசி, சனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். எங்கள் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர் வரை நீடிப்பதால் அந்த நாட்காட்டியை அப்படியே கொண்டுவந்தால் தளிரும் பூவும் மழையில் அகப்பட்டு அடிச்சாம்பல் நோய்க்கு இரையாகும் என்று அறிக்கை எச்சரித்து, அறுவடையை ஆனி, ஆடிப் பக்கம் தள்ளியிருந்தது. மருந்தடிப்பு, குருவிக்கும் வௌவாலுக்கும் எதிரான வலை, பந்தலா கம்பி வரிசையா என்ற ஒப்பீடு எல்லாம் ஒழுங்காக இருந்தன. பயிர்ச்செய்கைப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண் கொடுப்பதென்றால் தயங்காமல் உயர்வாகக் கொடுப்பேன்.

சிக்கல் நிதிப் பகுதியில் இருக்கிறது. அதற்காகத்தான் பெரும்பாலானோர் இந்த அறிக்கையை வாங்குகிறார்கள்.

முதலில் விளைச்சல். அறிக்கை ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 8 தொன் என்று எடுத்துக்கொள்கிறது. உண்ணும் திராட்சைக்கு இது பெரிய எண் அல்ல. இந்தியாவின் சராசரியே எக்டேயருக்கு 20 தொன்னுக்கு மேல், அதாவது ஏக்கருக்கு 8 தொன்னுக்கு மேல். ஆனால் அதே அறிக்கை, அந்த 8 தொன்னிலிருந்து வரும் வைனை உயர்தர வைனின் விலைக்கு விற்கிறது. விளைச்சலும் விலையும் ஒரே கொடியில் ஒன்றாக ஏறுவதில்லை. பிரான்சின் சத்தோநெஃப்-தூ-பாப் பகுதியில் எக்டேயருக்கு 35 எக்டோலீற்றருக்கு (3,500 லீற்றருக்கு) மேல் எடுக்கக்கூடாது என்ற விதி இருக்கிறது. போத்தல் கணக்கில் அது எக்டேயருக்கு ஏறத்தாழ 4,670, ஏக்கருக்கு 1,900 இற்குச் சற்றுக் குறைவு. ஒரு தொன் திராட்சையில் ஏறத்தாழ 650 லீற்றர் வைன் கிடைக்கும் என்று கொண்டால், எங்கள் அறிக்கையின் 8 தொன் ஏக்கருக்கு 6,900 போத்தல்களைத் தருகிறது. இந்த அளவுக்குக் கொடியில் காயை ஏற்றினால் சர்க்கரை ஏறப் பிந்தும், நிறமும் மணமும் மெலியும், இரவிலும் சூடு தணியாத இடத்தில் புளிப்பும் இறங்கிவிடும். அந்த வைனை மலிவு விலைக்கு விற்கலாம். உயர்தர விலையைக் கேட்பதானால் விளைச்சலைப் பாதியாக்கிக் கணக்கைத் திருப்பிப் போடவேண்டும்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய குறை: தோட்டம், வைன் ஆலை, விற்பனை மூன்றையும் ஒரே பணப்பையாக வைத்து இலாபம் கணக்கிட்டிருக்கிறார்கள். போத்தலின் விற்பனை விலையிலிருந்து எல்லாச் செலவையும் கழித்து, எஞ்சியதை ஏக்கரால் வகுத்து, “ஏக்கருக்கு இலாபம்” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த இலாபத்தை யார் உழைத்தது என்பது அதில் தெரியாது. தோட்டம் நட்டத்தில் ஓடிக்கொண்டிருக்க, ஆலையோ விற்பனைக் கூடமோ அதை மூடிமறைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் தோட்டமே வைக்காமல் திராட்சையை வாங்கி வைன் செய்வது அதிக இலாபமாக இருக்கும். கணக்கீட்டு நியமமே இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. விவசாயத்துக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்கேஏஎஸ் 41 இன்படி, பறித்த கணத்தில் திராட்சையை விற்பனைச் செலவு கழித்த நியாயப் பெறுமதியில் (அன்றைய சந்தை விலையில்) மதிப்பிடவேண்டும். அந்தப் பெறுமதிதான், அதாவது அறுவடை விலைதான், ஆலைக்குப் போகும் இருப்பின் கிரயமாகிறது. கொடி, பறித்த திராட்சை, வைன் என்ற வரிசை அந்த நியமத்தின் எடுத்துக்காட்டு அட்டவணையிலேயே இருக்கிறது. கொடி மட்டும் 2016 முதல் காய்ப்புத் தாவரமாக எல்கேஏஎஸ் 16 இன் கீழ் வந்து, கட்டடம், இயந்திரம் போலப் பெறுமானத் தேய்வுக்கு உட்படுகிறது. பட்டயக் கணக்காளர் ஒருவரின் பெயரை முகப்பில் போட்டு விற்கும் அறிக்கையில் இந்தப் பிரிப்பு இல்லாதிருப்பதை மன்னிப்பது கடினம்.

பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்தவை. சந்தை விலை என்று யாரும் கொள்ளவேண்டாம். ஏக்கருக்குத் தொடக்கச் செலவு 40 இலட்சம் ரூபா, ஆண்டுப் பராமரிப்பு 8 இலட்சம், முதல் மூன்று ஆண்டுக்கு வைனுக்குரிய காய் இல்லை, வட்டி 12 வீதம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போனது 64 இலட்சம்தான். ஆனால் வட்டியோடு சேர்த்து மூன்றாம் ஆண்டு முடிவில் முதலீடு 83 இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இதை அடுத்த 15 ஆண்டில் மீட்க ஆண்டுக்கு 12.2 இலட்சம் வேண்டும். அதோடு பராமரிப்பு 8 இலட்சத்தையும் சேர்த்தால் தோட்டம் ஆண்டுக்கு 20.2 இலட்சம் உழைக்கவேண்டும். தரமான வைனுக்குரிய 4 தொன் விளைச்சலில் அது கிலோவுக்கு 505 ரூபா. காலை முதல் மாலை வரை கொடியோடு நின்ற மனிதனுக்கு அதில் ஒரு சதம் இலாபமும் இல்லை. இது முதலும் வட்டியும் திரும்பும் விலை மட்டுமே. விளைச்சலை 8 தொன்னாக எழுதிவிட்டால் இதே விலை 253 ரூபாவுக்கு இறங்கிவிடும். அறிக்கையின் இலாபம் எங்கே பிறந்தது என்பது இப்போது தெரியும்.

கலிபோர்னியாவில் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: ஒரு தொன் திராட்சையின் விலையை நூறால் வகுத்தால் போத்தலின் விலை வரும். அங்குள்ள நாப்பாவில் கபர்னே சோவிஞ்ஞோன் என்ற சிவப்பு வைன் இனத் திராட்சை அண்மை ஆண்டுகளில் தொன் 8,000 டொலருக்கு மேல் போகிறது; அங்கே 80 டொலருக்கு மேற்பட்ட போத்தல்கள் சாதாரணம். அதே மாநிலத்தின் உட்பகுதிப் பள்ளத்தாக்கில் தொன் சில நூறு டொலர்தான். அது சில டொலர் போத்தலாகிறது. நாணயம் மாறினாலும் வகுத்தல் மாறாது என்பதால், எங்கள் 505 ரூபாத் திராட்சைக்கு இந்தக் கைக்கணக்கு 5,050 ரூபாப் போத்தலைக் காட்டுகிறது. இலங்கையின் மதுவரியும், 2024 சனவரி முதல் 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியும் அதற்கு மேல் ஏறவேண்டியவை. அந்த விலைக்குக் கொழும்பு வாடிக்கையாளர் சிலி, அவுஸ்திரேலியா போத்தல்களை விட்டுவிட்டுப் பெயர் கேள்விப்படாத வலிகாமத்து வைனை எடுப்பாரா என்ற கேள்விக்கு அறிக்கையின் சந்தைப் பகுதி இரண்டு பந்திகளில் “எடுப்பார்” என்று சொல்லிவிட்டு நகர்கிறது.

உலகச் சந்தையைப் பற்றி அது சொல்வது அதைவிடப் பழையது. வைன் நுகர்வு வளர்ந்துவருகிறது என்று ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். சர்வதேசத் திராட்சை, வைன் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2024 இல் உலக நுகர்வு ஏறத்தாழ 214 மில்லியன் எக்டோலீற்றர். 1961 இற்குப் பிறகு இவ்வளவு தாழ்ந்ததில்லை. பிரான்சின் போர்தோவில் 2023 இல் கொடியைப் பிடுங்குவதற்கு எக்டேயருக்கு 6,000 யூரோ கொடுத்தார்கள்; 9,500 எக்டேயர் வரை அழிப்பது இலக்கு. சீனா 2021 இல் அவுஸ்திரேலிய வைன் மீது 218 வீதம் வரையான வரியை உறுதிசெய்தபோது, அவுஸ்திரேலியாவின் உட்பகுதி ஆற்றுப்படுகைகளில் சிவப்புத் திராட்சை பயிரிட்டவர்கள் உற்பத்திச் செலவுக்கும் குறைவாக விற்கவேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் வரி நீங்கிய பிறகும் தேக்கம் ஒரேயடியாகத் தீரவில்லை. அங்கே தோட்டக்காரனும் ஆலைக்காரனும் வெவ்வேறு ஆட்கள் என்பதால் அடி யார் மேல் விழுந்தது என்று வெளிப்படையாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே பையில் என்றால் அந்த அடி தெரியாமலே விழும்.

நாசிக்கின் சுலா நிறுவனத்தை வெற்றிக் கதையாக அறிக்கை பல இடங்களில் எடுத்துக்காட்டுகிறது. அந்த நிறுவனம் 1999 இல் தொடங்கி, 2022 டிசெம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது உண்மைதான். ஆனால் அது தனக்கு வேண்டிய திராட்சையின் பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தத்தில் விவசாயிகளிடம் வாங்குகிறது. சுவைக்கூடம், விடுதி, உணவகம், திருவிழா என்று தோட்டத்துக்கு வருபவர்களிடமிருந்தும் உழைக்கிறது. மகாராட்டிர அரசின் 2001 ஆம் ஆண்டுக் கொள்கையும் அதன் வரிச்சலுகைகளும் பின்னால் நின்றன. அதாவது பணம் வந்த இடம் கொடி மட்டுமல்ல. எங்கள் காணிக்கும் அதே சுவைக்கூடத்தை வரைந்து, மூன்றாம் ஆண்டிலிருந்து சுற்றுலா வருமானத்தைச் சேர்த்திருக்கும் அறிக்கை, 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடைசெய்கிறது என்பதை ஓர் இடத்திலும் சொல்லவில்லை. பெயர் தெரியாத புது வைன், விளம்பரம் இல்லாமல், போயா (பௌர்ணமி) நாட்களில் கடை மூடி, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்காமல், எந்த வேகத்தில் வாடிக்கையாளரைச் சேர்க்கும் என்பதற்கு வேறொரு கணக்கு வேண்டும்.

உரிமப் பகுதி இதைவிடப் பரவாயில்லை. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உற்பத்தி உரிமம் இல்லாமல் ஒரு போத்தலும் விற்கமுடியாது என்று எழுதியிருக்கிறார்கள்; திணைக்களத்தில் சமர்ப்பிக்கவேண்டிய ஆவணங்களின் நிரலும் இருக்கிறது. வருமான வரியில்தான் தவறு. முழு இலாபத்துக்கும் 30 வீதம் போட்டிருக்கிறார்கள். மதுசாரத் தயாரிப்பு வருமானத்துக்கு 40 ஆக இருந்த வீதம் 2025 ஏப்ரலிலிருந்து 45. தோட்டத்தையும் ஆலையையும் பிரிக்காததன் விளைவு இங்கேயும் வருகிறது: அறுவடை விலை தெரியாவிட்டால் எந்தப் பகுதி பயிர்ச்செய்கை இலாபம், எந்தப் பகுதி மதுசார இலாபம் என்று இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டமுடியாது.

வட்டி வீதத்தைப் பத்து ஆண்டுக்கும் மாறாத ஒரே எண்ணாக வைத்திருப்பது பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை; 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வசதி வீதம் 16.5 ஆக நின்றதைப் பார்த்த எவருக்கும் அது போதாது என்று தெரியும். போத்தல், தக்கை, நொதி, பீப்பாய் எல்லாமே டொலரில் வருபவை என்பதால் நாணயமாற்று வீதம் மாறினால் இலாபம் எப்படி மாறும் என்று காட்டும் உணர்திறன் அட்டவணை ஒன்றும் இருந்திருக்கவேண்டும். அதுவும் இல்லை.

ஒப்பிட வேண்டிய இன்னொரு வழியை அறிக்கை தொடவேயில்லை என்பதுதான் யாழ்ப்பாணத்தான் என்ற முறையில் எனக்கு வியப்பு. குடாநாட்டில் முந்திரிகை என்று நாங்கள் சொல்லும் திராட்சைக்குப் பந்தல் போடுவது புதிதல்ல. இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு இனத்தைச் செம்பாட்டு மண்ணில் வளர்த்து ஆண்டுக்கு இரண்டு தடவை வெட்டுகிறார்கள். அந்தப் பழத்துக்கு மதுவரி உரிமம் வேண்டாம், தாங்கி வேண்டாம், ஒரு வருடம் போத்தலில் கிடக்கவும் வேண்டாம். வெட்டிய அன்றே காசு கைக்கு வருகிறது, இறக்குமதித் திராட்சை மீதான வரி உள்ளூர் விலையைத் தாங்கியும் நிற்கிறது. கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் தோலகட்டி ஆச்சிரமத்தின் வைனும் நெல்லி ரசமும் ஊரில் பெயர் பெற்றவை. ஆனால் அங்கே கடன் வட்டி கேட்கும் பங்காளிகள் இல்லை. வைன் திராட்சையின் அறுவடை விலை உண்ணும் பழத்தின் தோட்ட விலையைத் தாண்டாதவரை, அந்தக் காணியில் வைன் இனம் நடுவதற்குப் பொருளாதாரக் காரணம் கிடையாது. இந்த ஒரு ஒப்பீட்டை முதல் பக்கத்தில் போட்டிருந்தால் மிச்சப் பக்கங்களில் பாதியைப் படிக்கவேண்டி வந்திராது.

வாடிக்கையாளர் சேவையைப் பொறுத்தவரை முறைப்பாடு குறைவு. தொலைபேசியில் தமிழில் பேசக்கூடியவர் இருந்தார். வயதான மாமாவுக்குப் புரியும்படி தமிழில் ஒரு சுருக்கமும் தந்தார்கள். சொன்ன திகதிக்கு அறிக்கை வந்தது. எக்செல் கோப்பில் சூத்திரங்களைப் பூட்டி அனுப்பியது மட்டும் எரிச்சலூட்டியது. விளைச்சலை மாற்றினால் இலாபம் எப்படி மாறுகிறது என்று பார்க்கமுடியாத கோப்பு, வாடிக்கையாளருக்கு என்ன உதவி? எழுத்தில் கேட்ட பிறகு திறந்து தந்தார்கள். திறந்தபோதுதான் 8 தொன் என்ற எண் மூன்றாம் ஆண்டிலேயே முழுதாக வருவதாக வைக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது; இளங்கொடி முழு விளைச்சலுக்கு வர அதற்கு மேலும் காலம் எடுக்கும்.

என் கருத்தில் ஐந்துக்கு மூன்று. மண், நீர், கொடி, அனுமதி பற்றிய பகுதிக்காக இந்தச் சேவை காசுக்குத் தகுந்தது. அவர்களிடம் பயிர்ச்செய்கை ஆய்வு மட்டும் அடங்கிய சிறிய பொதி ஒன்றும் இருக்கிறது. அதை வாங்கி, நிதிக் கணக்கை நம்பிக்கையான வேறொரு கணக்காளரிடம் கொடுப்பது நல்லது. முழுப் பொதியைத்தான் வாங்குவதென்றால், அறுவடை விலையைத் தனி வரியாகக் காட்டவேண்டும், உண்ணும் திராட்சையோடு ஒப்பிடவேண்டும், கோப்பைப் பூட்டாமல் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் பிறகு கேட்டபோது செய்து தந்தார்கள்; அதற்கு வேறாகக் கட்டணம் எடுத்தார்கள், திருத்திய கணக்கில் முதலீடு மீளும் காலம் கடன் தவணைக்கு அப்பால் போய்விட்டது. அத்தான் இப்போது ஐந்து பரப்பில் (ஏக்கரில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு) உண்ணும் இனத்துக்குப் பந்தல் போட விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.